ரத்தம் கொடுக்க வந்தவரின் பெயர்

செஞ்சி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பிரவீணாவுக்கு நைனா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், ஓஸ்லோ குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று தினமும் நினைத்துக்கொள்கிறோம். இங்கே மழை விட்டுவிட்டது, கடைத்தெருவில் சேறு மட்டும் மிச்சம். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் வலைப்பக்கம் செய்யப் பழகுகிறேன் என்று சொன்னேன் அல்லவா, எங்கள் ரத்ததானக் குழுவுக்கு ஒன்று செய்து முடித்தேன். பெயர், ஊர், ரத்தப் பிரிவு, போன் நம்பர் நிரப்பிப் பொத்தானை அழுத்த வேண்டும். நம்பரில் ஒரு எண் குறைந்தாலும் பக்கம் விடாது, கட்டத்துக்குக் கீழே சிவப்பில் தவறைச் சொல்லும். அதைப் பார்ப்பதற்காகவே வேண்டுமென்றே தப்புத் தப்பாக அடிப்பேன், அம்மா சிரிப்பாள்.

போன செவ்வாய்க்கிழமை பக்கத்துத் தையல்கடை அமலாவை விழுப்புரத்தில் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள். ஆபரேஷனாம், பி நெகட்டிவ் ரத்தம் உடனே வேண்டுமென்று அவள் வீட்டுக்காரர் போனில் அழுகிறார். எங்கள் பட்டியலில் ஒருவர்கூட இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் குழுவில் இருக்கும் அவலூர்பேட்டை செல்லம்மாளைக் கூப்பிட்டேன். "நம்ம பாவாடை அண்ணனுக்கு அந்த குரூப்புதானே, உங்க வலைப்பக்கத்துல பதியுறேன்னு சொன்னாரே" என்றாள். மல்லாட்டை உடைத்துக் கடலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த மனிதர் அப்படியே பஸ் ஏறி வந்துவிட்டார். அமலா பிழைத்தாள், பெண் குழந்தை.

ரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது பாவாடை அண்ணனைக் கடையில் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, ஏன் பதியவில்லை என்று கேட்டேன். "பதிஞ்சேங்க. பட்டனை அமுக்கி அமுக்கிப் பாத்தேன், கம்முனு இருந்துது. நம்ம ரத்தம் வேணாம் போலருக்குதுன்னு வுட்டுட்டேன்" என்றார். அவர் போனை வாங்கிப் பார்த்தேன். கண் மங்கல் என்று எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கிறார். நானோ வேறொரு பக்கத்தைப் பார்த்துக் குடும்பப் பெயருக்கும் ஒரு கட்டம் வைத்து, அதைக் கட்டாயமாக்கியிருந்தேன். அவர் பெயர் பாவாடை, அவ்வளவுதான்; அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார். பக்கம் சிவப்பில் சொல்லத்தான் செய்தது, ஆனால் அந்த வரிக்கு நான் பிக்சல் என்கிற திரைப்புள்ளிக் கணக்கில் ஒரே உயரமாக இடம் விட்டிருந்ததால் பெரிய எழுத்து அதற்குள் அடங்காமல் மறைந்துவிட்டது. ரெம் என்று இன்னொரு அளவு இருக்கிறதம்மா, பார்க்கிறவர் வைத்திருக்கும் எழுத்தை ஒட்டி அதுவும் வளரும். உயரத்தை அதில் மாற்றினேன், குடும்பப் பெயர்க் கட்டத்தையே எடுத்துவிட்டேன். அவர் மறுபடி அழுத்தினார், நன்றி என்று வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இனிமே கூப்புடுவீங்க இல்ல?" என்று கேட்டார்.

இன்னும் எத்தனை பேர் அழுத்திப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்களோ. இப்போது கடைக்கு வருகிறவர் போனையெல்லாம் கேட்டு வாங்கித் திறந்து பார்க்கிறேன், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக நிற்கிறது, அலுக்கவே இல்லை. நீயும் உன் போனில் எழுத்தைப் பெரிதாக்கிப் பார், எங்கே வெட்டுப்படுகிறதென்று படம் எடுத்து அனுப்பு. இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, அம்மா கேட்கச் சொன்னாள். போகிற இடமெல்லாம் உன்னை நல்லபடியாக ஏற்றுக்கொள்ளட்டும், நோய் நொடி இல்லாமல் இரு.

உன் நைனா,
கந்தசாமி