காயாத காலுறை

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி தேவலையா? நான் சுகம். கடலோரக் காவல்படையின் எங்கள் குட்டி இழுவைப் படகு, உறைந்த ஆற்றை முட்டி முட்டி உடைத்து வழி செய்கிறது. நேற்று வழியில், பனிமேல் ஒரு மீன்பிடிக் குடிசை. அதை நகர்த்தச் சொல்ல இறங்கினேன், பனி உடைந்து ஒரு கால் தண்ணீருக்குள் போய்விட்டது. முழங்கால்வரைதான், பயப்படாதே.

குடிசைக்காரி தெல்மா என்னை இழுத்து அடுப்போரம் உட்காரவைத்தாள். “பனியே பார்க்காத லூசியானாக்காரனா? பனியில இப்படியா தொப்புனு குதிப்ப?” திட்டிக்கொண்டே பொடிமீன் பொரித்தாள். வெள்ளிக்கிழமை நம் வீட்டில் நீ மீன் பொரிக்கும் அதே வாசனை.

என்னைக் கூப்பிட, படகிலிருந்து கேப்டன் சங்கு ஊதினார்.

“ஊதட்டும். பிள்ளைக்குக் காலுறை காயலை” என்றாள்.

உன் மிளகாய்ச் சாறு ஒரு புட்டி அனுப்பு. இந்தக் கடிதத்துக்காகத் தபால்காரர் காத்திருக்கிறார்.

சங்கு ஊதும் முன்பே காலுறை காய்ந்துவிட்டது, அம்மா. நான்தான் அவளிடம் சொல்லவில்லை.

உன் கிளோவிஸ்