சுதந்திரம் வந்த வருஷம்

சென்னை,
11.9.1979

அன்புள்ள சலோமிக்கு,

மாதா காவலில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருப்பீர்கள். உன் இடுப்பு வலி தேவலையா? அச்சாபீசில் எனக்கு ஒரு மாதம் லீவு கொடுத்துவிட்டார்கள். நுரையீரல் கட்டி தலை வரைக்கும் பரவியதற்கு ஆஸ்பத்திரியில் ஏழு நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தாயிற்று. ஞாபகம் கெடாமலிருக்க, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வைக்கிறார்களாம். சும்மா படுத்திருக்கத்தான் முடியவில்லை. வராந்தாவில் நடந்துகொண்டே இருக்கிறேன்.

டாக்டரம்மா தினமும் கேள்வி கேட்டு ஞாபகத்தைச் சோதிப்பார். நேற்று, "சுதந்திரம் எப்ப வந்துச்சு, சொல்லுங்க" என்றார்.

"ஐம்பத்துநாலு நவம்பர்ல."

நாற்பத்தேழு என்று சொல்வேன் என எதிர்பார்த்தவர், முகம் வாடி, தப்பு என்று குறித்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"நான் காரைக்காலுங்க! பிரெஞ்சுக்காரன் கொடி எறங்கினதைக் கண்ணால பாத்தவன். எங்களுக்கு அப்பத்தாங்க சுதந்திரம்!"

வார்டே சிரித்தது. அவரும் சிரித்து, அடித்துத் திருத்தினார். ஆகையால் கவலைப்படாதே.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் பழைய போர்வையைக் கொடுத்தனுப்பு. பதில் எழுதும்போது நம் பிள்ளைகள் நாலு பேரின் பெயரையும் வரிசையாக எழுது. கடைக்குட்டியின் பெயரை மட்டும் கொட்டை எழுத்தில் எழுது. முகம் நன்றாக ஞாபகமிருக்கிறது.

கரண்டுக்குக் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன்
செல்வநாதன்