ஒரே பிள்ளை என்றேன்

ஞாயிறு, ஆவணி

பெரியவள் கலையைப் பெண் பார்க்க இன்று பரமக்குடியிலிருந்து வந்திருந்தார்கள். சின்னவள் மாரிக்கு டவுன் சிண்ட்ரோம். அவளைப் பார்த்தால் சம்பந்தம் கலைந்துவிடும் என்று பயந்து, அடுப்படியை விட்டு வரக்கூடாது என்று சொல்லியிருந்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்: "உங்களுக்குப் பிள்ளைக எத்தனை?"

"ஒண்ணுதான்" என்றேன். எப்படித்தான் வாயில் வந்ததோ.

மாரி கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். நேராக வந்து என் கையைப் பிடித்து, விரல்களைத் தொட்டு எண்ணினாள். "அக்கா ஒண்ணு. நானு ரெண்டு. ரெண்டுய்யா."

ஒரு வருஷமாகப் புளியங்கொட்டையைத் தொட்டுத் தொட்டு எண்ண நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அதைத் தவிர வேறு எதையும் அவளாக எண்ணி இதுவரை பார்த்ததில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன்.

காபியைக்கூட முடிக்காமல், "சொல்லி அனுப்புறோம்" என்று அவர்கள் எழுந்து போனார்கள்.

கலை அழவில்லை. "அவுக போனாப் போறாக. நீங்க எதுக்குய்யா அப்பிடிச் சொன்னீக?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்கு எண்ணத் தெரியவில்லை என்றே மாரி நினைத்துவிட்டாள். அவள் தப்பு விடும்போது நான் சொல்வதையே எனக்குச் சொல்லி, முதுகில் தட்டிக் கொடுத்தாள்.

"பரவால்லய்யா. நாளைக்குப் படிப்போம்."

அங்கே நிற்க முடியவில்லை. கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

கலை இன்னும் சாப்பிடவில்லை.