மூன்றாம் பாகம் மட்டும்

மதனி,

இன்று காலை அலமாரியைத் துடைக்கும்போது முதலில் கண்ணில் பட்டது ஓர் இடைவெளிதான். அந்தத் தாய்லாந்துக் கதையில் நம் கடையில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு முழுப் பிரதி. அதன் முதல் இரண்டு பாகங்களையும் காணவில்லை. மூன்றாம் பாகம் மட்டும் சாய்ந்து கிடந்தது. நான் யாருக்கும் எடுத்துக் கொடுக்கவில்லை. கடைச் சாவி என்னிடமும் அண்ணனிடமும்தான் இருக்கிறது. அண்ணன் புத்தகம் தொடுகிற ஆளா? உங்களுக்குத் தெரியாததா? துடைக்கிற துணியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

இந்தப் பர்மா மண்ணில், க்யிம்யிண்டைங் சந்தையில் இருக்கிற இந்த வாடகைப் புத்தகக் கடையில் நீங்கள் முன்னால் உட்கார்ந்து பேசுவீர்கள். நான் பின்னால் உட்கார்ந்து பிளாஸ்டிக் உறை போடுவேன். பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு அந்த மூலை பிடித்திருந்தது. அங்கே யாரும் என்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

தாய்லாந்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் உங்களைத்தான் தேடி வருவார்கள். பர்மாக்காரர்கள் அக்கா முறை வைத்து, "அமா, போறதுக்கு முன்னாடி என்ன படிக்கலாம்?" என்று கேட்பார்கள். நீங்களோ அந்த நாட்டில் கால் வைத்ததே இல்லை. "என்ன வேலை? கூட யாரு போறா?" என்று கேட்ட பிறகுதான் அலமாரிப் பக்கம் திரும்புவீர்கள். வீட்டு வேலைக்குப் போகிறவளுக்கு அந்த ஊர்ச் சமையல் புத்தகம். "வூட்டுக்காரம்மா நாக்கு தெரிஞ்சா பாதி பேச்சு தெரிஞ்ச மாதிரி." கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்குக் கோயில், திருவிழா, சடங்கு எல்லாம் படத்தோடு இருக்கிற புத்தகம். அழுதுகொண்டே வந்த ஒரு பெண்ணுக்கு அவர்களுடைய பேய்க் கதைகளைக் கொடுத்தீர்கள். "பேயிக்குப் பயந்து முடிச்சிட்டா முதலாளிக்குப் பயம் மிச்சம் இருக்காது, போ." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

எல்லோருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. அதுதான் இந்தத் தடித்த கதை. ஆற்றங்கரையில் தேங்காய் மிட்டாய் செய்து விற்கிற ஒரு குடும்பம். முற்றத்தில் காவல் தெய்வத்துக்கு ஒரு குட்டி வீடு. வருஷப் பிறப்புக்குப் பெரியவர்கள் கையில் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவார்கள். "எல்லாம் நம்மூரு மாதிரிதான்" என்பீர்கள். பழைய பிரதி எங்கே கிடைத்தாலும் வாங்கிவந்து, மூன்றாகப் பிரித்துத் தடித்த நூலால் தைப்பீர்கள். போகிறவர்களிடம் முதல் இரண்டைத் தருவீர்கள். மூன்றாவதைத் தர மாட்டீர்கள். "முடிவு வேணும்னா வந்து வாங்கிக்க."

மீன்பிடிப் படகுக்குப் போன ஒருவர் கேட்டாரே, "அமா, நான் கடல்ல விழுந்துட்டா?"

"நீந்தி வா. ஈரத்தோட கடைக்குள்ள ஏறாத."

அவருடைய மூன்றாம் பாகம் இன்னும் மேல்தட்டில் இருக்கிறது. முதுகில் போனவர் பெயர் எழுதிய எத்தனையோ அங்கே நிற்கின்றன. தினமும் துடைக்கிறேன், எண்ணுவதில்லை. அந்த முடிவை நான் படித்ததும் இல்லை. அவர்களுக்காக வைத்ததை நான் படித்துவிட்டால் அவர்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு பயம்.

போன மழைக்காலத்துக் காய்ச்சலில் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். நீங்கள் திரும்பி வர எதை எடுத்து வைத்திருக்க முடியும்? எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவர் நீங்கள்.

துணியோடு வெளியே வந்தேன். அண்ணன் கடை வாசலில் உட்கார்ந்து தேநீர் ஊதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பை. அதன் வாயில் அந்த இரண்டு பாகங்களும் தெரிந்தன.

"பாத்துட்டியா?" என்றார். "திங்கக்கிழம தாய்லாந்துக்குக் கெளம்புறேன் தங்கச்சி. மிட்டாய்க் கம்பெனில வேலை. பட்டாளத்துக்குப் புடிச்சிட்டுப் போயிடுவானுங்கன்னு என் வயசு ஆம்பளைங்க இங்க எத்தன நாளைக்கு ஒளிஞ்சு கெடக்குறது?"

அது சரிதான். படகுத்துறை வேலைக்குப் போய் அவர் திரும்பும்வரை தினமும் நான் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இருந்தாலும் பயம், போனாலும் பயம்.

"புத்தகம் எதுக்குண்ணே? ஒரு பக்கம் படிச்சா தூங்கிடுவ."

"அவ எல்லாருக்கும் குடுத்தா. நான் மட்டும் சும்மா போகவா?"

"மூணாவது இங்கதான் இருக்கும். வந்து வாங்கிக்க."

சொன்னது என் வாய்தானா என்று எனக்கே சந்தேகம். அண்ணன் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"முடிவு எனக்குத் தெரியுமே பாப்பா. ஆஸ்பத்திரில படுத்திருந்தப்பவே ஒங்க மதனி பூராக் கதையும் சொல்லிட்டா. நான் கேக்கவே இல்ல."

மதனி, ஊருக்கெல்லாம் முடிவை ஒளித்து வைத்தீர்கள், இவரிடம் மட்டும் ஏன் சொன்னீர்கள்? இனி இவரை எதைக் காட்டித் திரும்பக் கூப்பிடுவேன்? உங்களிடம் கோபம் வந்தது. அழுகையும் வந்தது.

"எனக்குத் தெரியாதுண்ணே" என்றேன்.

"என்னது?"

"முடிவு. நான் படிக்கல. போன்ல சொல்லாத. நேர்ல வந்து சொல்லு. அதுவரைக்கும் தொட மாட்டேன்."

அண்ணன் தேநீரைக் கீழே வைத்தார். "சரி" என்றார்.

உள்ளே போனேன். மூன்றாம் பாகத்துக்குப் புது உறை போட்டேன். முதுகில் அண்ணன் பெயரை எழுதவில்லை, என் பெயரை எழுதினேன். மேல்தட்டில் கடைசியாக வைத்துவிட்டு, கடையைத் திறந்து உங்கள் இடத்தில் உட்கார்ந்தேன்.