ரயிலுக்கு முதுகு காட்டி நின்றவர்

தோஹா

அன்புள்ள அம்மாவுக்கு,

பிரபு எழுதுகிறேன். இங்கே சுகமாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? இதைத் தங்கச்சி நிதானமாக வாசித்துக் காட்டட்டும்.

வெள்ளிக்கிழமை ரூமில் எல்லோரும் ஒரு வீடியோ பார்த்தோம். ராமேஸ்வரம் போகிற ரயிலில், டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்தது. நாமே ஓட்டுகிற மாதிரி இருந்தது. மற்றவர்கள் பாம்பன் பாலத்துக்காகக் காத்திருந்தார்கள். எனக்குச் சத்திரக்குடி தாண்டியதும் நம் ஊர் ரயில்வே கேட் வந்துவிட்டது.

அங்கே அய்யா நின்றார், அம்மா. தேதியைப் பார்த்தேன், அவர் தவறுவதற்கு முந்தின மாதம் எடுத்த வீடியோ. தோளில் அதே பச்சைத் துண்டு. ஹாரன் அடித்ததும் ஆடுகள் மிரளாமல் இருக்க இரண்டு கையையும் விரித்து, ரயிலுக்கு முதுகைக் காட்டி நின்றார். ரயில் கடக்கும்வரை திரும்பவே இல்லை.

திரும்பத் திரும்ப அந்த இடத்தையே ஓட்டினேன். "ஏலே, யாருடா அது?" என்று முதுகுளத்தூர்க்காரர் கேட்டார். "எங்க ஊரு ஆளுண்ணே" என்றேன்.

அய்யா தவறியபோது லீவு கிடைக்காமல் நான் இங்கேயே நின்றுபோன அன்றைக்கு, "கடைசியா அப்பன் மொகத்தப் பாக்க எம்புள்ளைக்குக் குடுத்து வைக்கலியே" என்று போனில் அழுதாய். இப்போதும் பார்க்கவில்லை, அம்மா.

என் ரூமில் இருக்கிற தனுஷ் ஊருக்குக் கிளம்புகிறான், அவனிடம்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். அவன் திரும்பும்போது அந்தத் துண்டைத் துவைக்காமல் கொடுத்தனுப்பு. கொஞ்சம் மிளகாய் வற்றலும்.

இப்போது ஆட்டை நீதானே பத்திக்கொண்டு போகிறாய். ரயில் வந்தால் ஆடு எந்தப் பக்கம் ஓடினாலும் ஓடட்டும். நீ ரயிலைப் பார்த்து நில்.

உன் மகன்
பிரபு