உன் மகளின் டிர்ண்டில்

என் ஆசை அக்கா,

உன் மகள் ஷர்மி ஜெர்மனியிலிருந்து வந்திருக்கிறாள். தனியாக இல்லை. மியூனிக் ஆஸ்பத்திரியில் அவளோடு வேலை செய்கிற பையனும் அவன் அம்மாவும் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்; பதில் சொல்ல ஹட்டனில் இந்தச் சித்தி மாட்டிக்கொண்டாள்.

அந்தம்மா அவளுக்கு ஒரு உடுப்புக் கொண்டுவந்தார்கள். நீளப் பாவாடை, அதன்மேல் ஏப்ரன். ஞாயிறு பூசைக்குப் போட்டாள். ஏப்ரனை நான்தான் கட்டிவிட்டேன். மலைக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது நாம் இடுப்பில் படங்குச் சாக்குக் கட்டுவோமே, அதேபோல இறுக்கிப் பின்னால் ஒரு முடிச்சு. அந்தம்மாவின் முகம் மாறிவிட்டது. இடது பக்கம் முடிந்தால் கல்யாணமாகாதவள், வலது பக்கம் என்றால் ஆனவள், பின்னால் என்றால் விதவையாம். அவசரமாக அவிழ்த்தேன்.

உடுப்பின் பெயர் டிர்ண்டில். பவேரியாவில் அந்தச் சொல்லுக்கு முதலில் சின்னப் பெண் என்று அர்த்தமாம். பண்ணையில் வேலை செய்த பெண்ணையும் அப்படித்தான் கூப்பிட்டார்களாம். பிறகு அவள் போட்ட உடுப்புக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. மலைக்கு ஓய்வெடுக்க வந்த பட்டணத்துக்காரர்கள் ஆசைப்பட்டுத் தைத்துப் போட, இப்போது திருநாள் உடுப்பாம்.

ஷர்மி சிரித்துக்கொண்டே சொல்ல, எனக்கு வந்ததே கோபம். அவள் படங்கு கட்டக் கூடாது என்றுதானே நீ மழையிலும் அட்டைக்கடியிலும் கிடந்தாய்?

"வேலைக்காரி உடுப்ப மாட்டித்தான் எங்க புள்ளைய கூட்டிட்டுப் போவாங்களா? இந்தக் கல்யாணம் வேணாம்," என்றேன்.

உன் பிடிவாதம் அப்படியே இருக்கிறது அவளிடம். நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் அவர்களுக்கு ஜெர்மனில் சொன்னாள். அந்தம்மா கோபிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அந்த உடுப்பு கடையில் வாங்கியதில்லையாம். அவர்களுடைய அம்மா மாட்டுப் பண்ணையில் வேலைக்காரியாக இருந்தபோது உடுத்தியதாம்.

"எங்க அம்மா கொழுந்து பறிச்சவங்கன்னு நான்தான் சொன்னேன் சித்தி. அதனாலதான் இத எனக்குக் குடுத்தாங்க," என்றாள் ஷர்மி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சம்மதம் சொல்லிவிட்டேன். நீயும் அதைத்தான் சொல்லியிருப்பாய், இல்லையா?

வரும் ஞாயிறு கோயிலில், இன்னாருடைய மகளுக்கு இன்னாரோடு கல்யாணம் என்று ஓலை வாசிக்கிறார்கள். தாய் பெயர் வரும் இடத்தில் வளர்த்தவள் பெயரைப் போடட்டுமா என்று ஃபாதர் கேட்டார். வேண்டாம் என்று உன் பெயரைக் கொடுத்தேன். முன் வாங்கில் உட்கார்ந்து, உனக்கும் சேர்த்து நான் அதைக் கேட்பேன் அக்கா. சத்தியம்.

உன் பிள்ளையை என் பிள்ளையாக வைத்திருக்கும்,
உன் தங்கச்சி ரெஜினா