வரிசையின் கடைசியில் உன் பேட்

என் மேரி அக்கா, போன இடத்திலும் நாலு பேரைச் சேர்த்துவைத்துச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருப்பவளே,

உன் முதலாண்டு நினைவு ஜெபத்தில் என்னையும் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன், மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் நம் குடியிருப்பின் மாத மலரில் இதை எழுதுகிறேன். எல்லாரும் படிக்கட்டுமே. உனக்கும் எனக்கும் நடுவில் ஒளிக்க என்ன இருக்கிறது?

நான் இங்கே வந்த புதிதில் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் போன பிறகு மகன் என்னைச் சிறுசேரிக்குக் கூட்டிப்போனான். அவனும் மருமகளும் ஆபீஸ் கிளம்பினால் பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அதைப் பார்த்துத்தான் மாமல்லபுரம் பக்கத்தில், வயசானவர்களுக்கென்றே கட்டிய இந்தக் குடியிருப்பில் வீடு வாங்கிக் கொடுத்தான். இங்கே வந்தும் நான் பார்த்தது சுவரைத்தான். மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்துக்காரி நான். யாராவது இங்கிலீஷில் குட்மார்னிங் சொன்னால் தலையாட்டிவிட்டு உள்ளே ஓடிவிடுவேன்.

அப்போதுதான் நீ வந்து என் கதவைத் தட்டினாய். காலிங் பெல் இருக்கும்போது பேட்டால் தட்டுகிறவள் நீ ஒருத்திதான்.

"இன்னாம்மா, வூட்லயே குந்திகினு கீற? வா, வந்து பந்தடி."

எனக்கு ஆடத் தெரியாது என்றேன். யாருக்குத் தெரியும் என்று கேட்டுக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். டென்னிஸ் மைதானத்தை மடித்துச் சின்னதாக்கினதுபோல ஒரு தரை, குட்டையாக ஒரு நெட், உடம்பெல்லாம் ஓட்டையாக ஒரு பிளாஸ்டிக் பந்து. இதற்குப் பிக்கிள்பால் என்று பேர் என்றாய். நெட்டை ஒட்டின இடத்துக்குக் கிச்சனாம். அதற்குள் நின்றுகொண்டு பந்தை அந்தரத்தில் அடிக்கக் கூடாதாம். பழக்க தோஷம், நான் அதற்குள்ளேயேதான் நின்றேன். "இத்தினி வருசம் கிச்சன்ல நின்னது பத்தாதா? வெளிய வாடி" என்றாய். அவர் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

நீ கடப்பாக்கத்துக்காரி. உன் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்து உன்னை நர்ஸுக்குப் படிக்க வைத்தார். நாங்கள் நிலம் வைத்திருந்தவர்கள். ஊரிலேயே இருந்திருந்தால் நீ எங்கள் வாசலைத் தாண்டி வந்திருப்பாயா? வர விட்டிருப்பார்களா? இங்கே நீ என் அடுப்படிக்கு வந்து நேற்றைய மீன்குழம்பைச் சட்டியோடு தூக்கிப் போனாய். ஒருநாள் நான் இதைப் பற்றிப் பேச்செடுத்தபோது, "அத்த வுடு, பந்தப் பாரு" என்று சொல்லிவிட்டு சர்வ் போட்டாய். அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

இப்போது செய்திக்கு வருகிறேன்.

நீ உண்டாக்கின வழக்கம் அப்படியே இருக்கிறது. வருகிறவர்கள் கம்பி வேலியோரம் பேட்டை வரிசையாகச் சாய்த்து வைக்கிறோம். முதல் நாலு பேட் யாருடையதோ அவர்கள் நாலு பேரும் உள்ளே. ஆள் பார்த்துச் சேர முடியாது. கலெக்டர் ஆபீசில் இருந்தவரானாலும் என்னைப் போன்ற நாட்டுப்புறத்தோடு ஜோடி சேர்ந்துதான் ஆக வேண்டும். நீ மட்டும் எப்போதும் உன் பேட்டைக் கடைசியில் வைப்பாய். ஆடி முடித்தவர்கள் மறுபடி வைப்பதும் அதற்கு முன்னால்தான். புதிதாக யாராவது உனக்குப் பின்னால் நின்றால், "எனக்கு முன்னாடி வை" என்று அதட்டுவாய். கூச்சப்பட்டுத் தயங்கி நிற்கிற ஆளைக் கடைசி ஆட்டத்தில் உன்னோடு சேர்த்துக்கொள்வாய். எனக்கு முதல் ஆட்டம் அப்படித்தானே கிடைத்தது.

நீ போன பிறகும் உன் பேட்டை தினமும் நான்தான் கொண்டுபோய்க் கடைசியில் வைத்தேன். யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. உன் பேட்டோடு வரிசை முடிந்துவிடும். கடல் காற்று கிளம்பிவிட்டால் அந்தப் பந்து யார் பேச்சையும் கேட்காது. எல்லாரும் வீட்டுக்குக் கிளம்புவோம். நான் உன் பேட்டை எடுத்து முந்தானையால் துடைத்துக்கொண்டு வருவேன்.

இதற்கிடையில் மகன் திரும்பவும் கூப்பிட்டான். சிறுசேரியில் பெரிய ஃபிளாட்டாகப் பார்த்துவிட்டானாம், உனக்கென்று தனி ரூம் அம்மா, வந்துவிடு என்கிறான். நீயில்லாத இடத்தில் எனக்கென்ன வேலை என்று நானும் பாதி மூட்டை கட்டிவிட்டேன்.

போன வாரம் நடந்ததைக் கேள். அச்சரப்பாக்கத்தில் லாரி ஓட்டி, பிறகு சொந்த லாரி வைத்திருந்த தனபால் என்று ஒருவர் புதிதாக வந்திருக்கிறார். மனைவி இறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, மகள் கொண்டுவந்து விட்டிருக்கிறாள். காலையில் வருவார், பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், ஆட்டம் கலைந்ததும் எழுந்து போவார். பேசாத மனிதர் போலிருக்கிறது, வேடிக்கை பார்க்க வருகிறார் என்று நாங்களும் விட்டுவிட்டோம். அன்றைக்கு அவர் எழுந்து போகுமுன்பே நான் உன் பேட்டை எடுக்கப் போனதால்தான் பார்த்தேன். அதற்குப் பின்னால் இன்னொரு பேட். விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

இது யாருடையது என்று கேட்டேன். அவர் எழுந்து நின்றார்.

"என்துதாம்மா. டெய்லி வச்சிகினுதான் கீறேன். முன்னாடி ஒரு பேட்டு கீதே, அந்தம்மா வந்து ஆடினாதானே எனக்கு வரும்?"

அக்கா, அந்த மனிதர் வந்த நாளிலிருந்து உனக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். யாரும் விட்டுப்போகக் கூடாது என்று நீ போட்ட வரிசையில் உன் பேட்டே ஒருவரை வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது. கொண்டுவந்து வைத்தவள் நான்.

"அந்தம்மா வரமாட்டாங்க" என்றேன். நீ போனதை ஒரு வருஷத்தில் நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "எங்கூட்டம்மாவும் அப்டித்தான், வர்றேன்னு சொல்லிட்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க" என்றார். இரண்டு பேரும் வேலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதோம். பிறகு கிளம்பிப் போனவர்களில் இரண்டு பேரைக் கையைத் தட்டிக் கூப்பிட்டு, காற்றிலேயே ஓர் ஆட்டம் ஆடினோம். பந்து போன திசைக்கெல்லாம் சிரித்தோம். தனபாலும் நேராகப் போய்க் கிச்சனில்தான் நின்றார்.

மறுநாள் உன் பேட்டை நான் எடுத்துப் போகவில்லை. என் பேட்டைக் கடைசியில் வைத்தேன். தனபால் பழக்கமாகப் பின்னால் வந்து நின்றார். "எனக்கு முன்னாடி வைங்க" என்றேன். குரல் உன்னுது மாதிரியே வந்தது.

மகனிடம் சொல்லிவிட்டேன், நான் வரவில்லை என்று. இங்கே கடைசியில் நிற்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொண்டான், ஞாயிற்றுக்கிழமை நண்டுக் குழம்புக்கு வந்துவிடுவான்.

எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டாய், அக்கா. அந்தக் கடனை உனக்குத் திருப்பித் தர முடியாது. உன் பேட் இப்போது என் வாசல் கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. மூலை வீட்டுக்குப் புதிதாக ஓர் அம்மா வந்திருக்கிறார்கள், சன்னலைக்கூடத் திறப்பதில்லை. நாளைக் காலை அந்தக் கதவுக்குப் போகிறேன். பெல்லை அழுத்த மாட்டேன், உன் பேட்டால்தான் தட்டுவேன்.

உன் கூடப்பிறக்காத தங்கச்சி,
இந்திரா